ரவை ஒட்டிய பாதி

மூன்றாம் வகுப்புக்கு டீச்சர் நிலாப் பாடம் ஆரம்பித்த அன்றைக்கே மேகம் கட்டிக்கொண்டது. ஆளுக்கு ஒரு தாள் கொடுத்திருந்தார். தாளில் காலண்டர் போலக் கட்டங்கள். தினமும் சாயங்காலம் வெளியே வந்து அண்ணாந்து பார்த்து, நிலா எப்படித் தெரிகிறதோ அப்படியே அன்றைய கட்டத்தில் வரைய வேண்டும். அது மாதிரி எளிய வீட்டுப்பாடம் அந்தப் பள்ளியில் யாரும் கொடுத்ததில்லை. ஒரு வாரம் விடாமல் மழை பெய்தது. வாரக் கடைசியில் தாள்களை வாங்கிப் பார்த்தால், எல்லாக் கட்டத்திலும் நிலா காய்ந்துகொண்டிருந்தது. சிலர் கூடவே நட்சத்திரமும் போட்டிருந்தார்கள்.

“செவ்வாய்க்கிழமை கொட்டு கொட்டுனு கொட்டுச்சே, நீ எங்கடா நிலாவைப் பார்த்தே?”

“டிவியில, டீச்சர்.”

“நீ?”

“இவன் தாளைப் பார்த்து வரைஞ்சேன், டீச்சர்.”

வேறொரு வருஷமாக இருந்தால் டீச்சர் சிரித்திருப்பார். பிள்ளைகளும் அவர் சிரிப்பார் என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் தாள்களை மேஜையில் தட்டி அடுக்கினார்.

“பார்த்ததை மட்டும் வரைங்க. மேகம் மறைச்சா கட்டத்தைக் காலியா விட்டுடுங்க. காலியா இருந்தா யாரும் திட்டமாட்டாங்க. பார்க்காததைப் பார்த்தேன்னு சொல்றதுதான் தப்பு.”

சொல்லி முடித்ததும் தண்ணீர் பாட்டிலைத் திறந்து இரண்டு மடக்குக் குடித்தார்.

முதல் பெஞ்சின் ஓரத்தில் ஒரு கை உயர்ந்தது. “டீச்சர், அப்ப எனக்கு எல்லாக் கட்டமும் காலியா?”

கேட்டவள் டக்கு. அந்த வருஷம் புதிதாகச் சேர்ந்தவள். பிறவியிலேயே பார்வை கிடையாது. அவளுடைய வெள்ளைக் கம்பு நடைபாதையில் போடும் சத்தத்தை வைத்துப் பிள்ளைகள் அந்தப் பெயரைச் சூட்டினார்கள். முதலில் கேலியாகத்தான் கூப்பிட்டார்கள். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. இப்போது யாராவது உண்மையான பெயரைச் சொல்லி அழைத்தால்தான், “ஏன், நான் என்ன தப்பு பண்ணேன்?” என்பாள்.

“உனக்கு வேற மாதிரி சொல்லித் தர்றேன்,” என்றார் டீச்சர்.

“எப்ப?”

“யோசிச்சுட்டுச் சொல்றேன்.”

“யோசிச்சுட்டுச் சொல்றேன்னு சொன்னவங்க யாரும் அப்புறம் சொன்னதில்ல, டீச்சர்,” என்றாள் டக்கு. குறைப்பட்டுக்கொள்ளும் குரல் இல்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னாள்.

டீச்சரின் வீடு ஒரு சைக்கிள் ரிப்பேர்க் கடைக்கு மேலே. இரண்டு அறை, ஒரு சமையலறை, வெளிப்பக்கமாக இரும்புப் படி. தெருமுனையில் ரொட்டி அடுமனை இருந்தது. டீச்சரின் வீட்டுக்காரர் அங்கேதான் அடுப்பு மாஸ்டர். தெருவில் எல்லாரும் அவரை மாஸ்டர் என்பார்கள். வீட்டில் அவர் மனைவியை டீச்சர் என்பார். ஒரு வீட்டில் இரண்டு வாத்தியார் இருந்தும் ஒரு பிள்ளை இல்லையே என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அப்படிச் சொல்லிச் சிரிக்கக்கூடிய மனுஷர்.

கோடையில் ஒரு விடியற்காலை அடுப்பைப் பற்றவைக்கும்போது, உள்ளே வாயு தேங்கி நின்றது தெரியாமல் தீக்குச்சியைக் கிழித்தார். தீ வெளியே பாய்ந்து முகத்தில் அறைந்தது. கையிலும் கழுத்திலும் பட்ட காயம் ஆறிவிட்டது. கண் ஆறவில்லை.

ஆஸ்பத்திரியில் இரண்டாவது ஆபரேஷன் முடிந்த அன்று, டாக்டர் டீச்சரை வராந்தாவின் கோடிக்குக் கூட்டிப்போனார். “கருவிழி மட்டும்னா மாத்திப் பார்க்கலாம்மா. உள்ள எதுவுமே மிச்சமில்ல. ரெண்டு கண்ணும்தான். நீங்க பக்குவமாச் சொல்லிடுங்க,” என்றார். டீச்சர் தலையை ஆட்டிவிட்டுக் கட்டில் பக்கம் வந்தார். கட்டுப் போட்ட முகத்தைத் திருப்பி மாஸ்டர் கேட்டார்: “என்ன சொன்னாரு? கண்ணு வந்துரும்ல? வராதுன்னா இப்பவே சொல்லிடு. ஒருத்தருக்குப் பாரமா மூலையில கிடக்க என்னால ஆகாது. வீட்டுக்கு மேல மாடி இருக்கு. ஒரு நிமிஷ வேலை.”

“வந்துரும். இன்னொரு ஆபரேஷன் இருக்காம். வீக்கம் வடியணுமாம்,” என்றார் டீச்சர்.

அன்றைய பொழுதைக் கடத்தினால் போதும் என்று சொன்ன வார்த்தை அது. மறுநாள் அதை மாற்றிச் சொல்ல வாய் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் மொட்டைமாடிக் கதவுக்கு ஒரு பூட்டு வாங்கிப் போட்டு, சாவியைத் தன் கைப்பையில் சாக்பீஸ் டப்பாவுக்குள் வைத்துக்கொண்டார். கண் காயாமல் இருக்க டாக்டர் கொடுத்த சொட்டு மருந்தை, பார்வை வரவைக்கும் வைத்தியம் என்று மாஸ்டர் நம்பினார். வேளாவேளைக்கு முகத்தை நிமிர்த்திக்கொண்டு காத்திருப்பார். “இன்னும் ஒரு சொட்டு சேர்த்து விடு. சீக்கிரம் ஆறட்டும்,” என்பார். டீச்சர் இன்னும் ஒரு சொட்டு விடுவார்.

விடியும் முன்பே எழுந்து, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் டீச்சர் அடுப்பைப் பற்றவைப்பார். அந்த ‘புஸ்’ சத்தம் காதில் விழுந்தால் மாஸ்டர் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொள்வார். வெந்நீர் போட்டால்கூட அந்தப் பக்கம் வரமாட்டார். பச்சைத் தண்ணீரில்தான் குளியல். டீச்சர் சோறும் முட்டையும் தட்டில் போட்டு மூடி வைத்துவிட்டு, எந்தத் தட்டு எங்கே என்று அவர் கையைப் பிடித்துக் காட்டிவிட்டுப் பள்ளிக்குக் கிளம்புவார். அடுமனையிலிருந்து முதல் ஈடு ரொட்டியின் வாசனை அப்போதுதான் மேலே வரும். படுத்தபடியே மாஸ்டர் மூக்கை உயர்த்துவார்.

“கருக விட்டுட்டான். புது ஆளுக்குப் பயம். கதவைத் திறந்து திறந்து பார்க்கிறான்.”

“நீங்க போய்ச் சொல்லித் தரலாமே.”

“கண்ணு வரட்டும்.”

பேச்சு எதில் ஆரம்பித்தாலும் அங்கேதான் போய் முடியும்.

சனிக்கிழமை பள்ளி கிடையாது. டக்குவின் அம்மாவுக்குத் துணி ஆலையில் தையல் வேலை, சனிக்கிழமையும் உண்டு. டீச்சர் சொன்னபடி மகளைக் கொண்டுவந்து விட்டவள், இரும்புப் படியில் நின்றே பேசினாள். “கேள்வி கேட்டே ஆளை ஒரு வழி பண்ணிடுவா, டீச்சர். தாங்க முடியலைன்னா வாயில ஏதாவது தின்னக் குடுத்துடுங்க.”

டீச்சர் ஒரு ரப்பர் பந்தும் டார்ச்சும் எடுத்து வைத்திருந்தார். டக்குவை முக்காலியில் உட்காரவைத்துப் பந்தைக் கையில் கொடுத்தார். மாஸ்டர் உள்ளறையில் கதவை ஒருக்களித்துவிட்டுப் படுத்திருந்தார்.

“இதுதான் நிலா. இது சூரியன்.”

டக்கு தடவிப் பார்த்தாள். “இது டார்ச்சு.”

“சூரியன்னு வச்சுக்கோ. இதுலேர்ந்து வெளிச்சம் வந்து நிலா மேல படுது. படுற பக்கம் பளிச்சுனு இருக்கும்.”

“பளிச்சுனுன்னா?”

டீச்சர் கையிலிருந்த டார்ச்சைத் திருப்பிப் பார்த்தார். பதினைந்து வருஷமாக இதே பந்தையும் டார்ச்சையும் வைத்துப் பாடம் நடத்தியவர். விளக்கை அணைத்து, ஜன்னலை மூடி, டார்ச்சைப் போட்டால் பிள்ளைகள் ‘ஹா’ என்பார்கள். அதற்குமேல் சொல்ல வேண்டி வந்ததே இல்லை.

“வெளிச்சம்னா... பார்க்க உதவுறது.”

“அதான் எனக்கு இல்லையே. வேற மாதிரி சொல்லுங்க.”

உள்ளறைக் கட்டில் கிறீச்சிட்டது. சுவரைத் தடவிக்கொண்டு மாஸ்டர் வாசலுக்கு வந்து நின்றார். வீட்டுக்கு ஆள் வந்திருக்கும்போது அவர் அந்த அறையைவிட்டு வந்தது அதுவே முதல் தடவை.

“டீச்சர், கையில தெரியுற மாதிரி ஏதாவது செய்யேன். வெளிச்சம் இருக்கிற பக்கம் ஒரு மாதிரி, இல்லாத பக்கம் ஒரு மாதிரி.”

“எப்படிங்க?”

அவர் விரல்களை ஒன்றோடொன்று தேய்த்தார். “மாவு இருக்கா?”

தாம்பாளத்தில் மாவைக் கொட்டினார்கள். மாஸ்டர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நடுவில் குழி பறித்து, தண்ணீரை விரலால் அளந்து விட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவர் மாவைத் தொடவில்லை. தழும்பு விழுந்த தோல் இழுத்தது. முதல் நான்கைந்து தரம் பிசையும்போது முகம் சுளித்தது; பிறகு கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. உள்ளங்கையின் அடிப்பகுதியால் தள்ளி, மடித்து, திருப்பித் தள்ளி, கெட்டியாக ஓர் உருண்டை பிடித்தார். எண்ணெய் தடவி வழவழப்பாக்கினார். டீச்சர் ஒரு தட்டில் ரவை எடுத்து வந்தார். மாஸ்டர் உருண்டையைப் பாதி மட்டும் ரவையில் அழுத்தி எடுத்தார்.

டக்கு இரண்டு கையாலும் வாங்கினாள். “ஒரு பாதி சொரசொரன்னு இருக்கு. இன்னொரு பாதி வழவழன்னு இருக்கு.”

“ரவை இருக்கிற பாதிதான் வெளிச்சம்,” என்றார் மாஸ்டர்.

“இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே,” என்றாள் டக்கு, டீச்சர் பக்கம் திரும்பி.

மாஸ்டர் உருண்டையை ஒரு கரண்டிக் காம்பில் குத்திக்கொண்டார். முக்காலியில் உட்கார்ந்திருந்த அவள்தான் பூமி. அவளைச் சுற்றி அவர் நடக்க வேண்டும். ஓரிரண்டு அடிக்கு ஒருமுறை நின்று நீட்டினால், அவள் தன் பக்கம் இருக்கும் முகத்தைத் தடவிச் சொல்ல வேண்டும். அவள் தோளைத் தொட்டுக்கொண்டு அவர் ஒரு சுற்று வந்தார்.

“ரவை... ரவை... இங்கயும் ரவை. நீங்க எங்க போனாலும் ரவையாத்தான் இருக்கு. இந்த நிலா தேயவே மாட்டேங்குது.”

“அவளைப் பார்த்து ரவையைத் திருப்பக் கூடாதுங்க,” என்றார் டீச்சர். “நீங்க எங்க நின்னாலும் ரவை சூரியனைப் பார்த்துத்தான் இருக்கணும். சூரியன் ஒரே இடத்துலதான் இருக்கு, நகராது.”

“ஓ. அப்ப நான்தான் தப்பு.”

“சூரியன் எந்தப் பக்கம்?” என்று கேட்டாள் டக்கு.

“அந்த நாற்காலியைச் சூரியன்னு வச்சுக்கலாம்,” என்றார் டீச்சர்.

“நாற்காலி வெயில் அடிக்காதே. சூடா ஏதாவது வைங்க, டீச்சர். வெயில் எங்கேர்ந்து அடிக்குதுன்னு எனக்குக் கன்னத்துல தெரியும்.”

“சூடெல்லாம் வேண்டாம்மா. கையைச் சுட்டுக்குவே.”

“நான் சுட்டுக்கவே மாட்டேன். எங்க வீட்டுல நான்தான் டீ போடுவேன்.”

ஜன்னல் தகரத்தில் மழை விட்டுவிட்டுச் சொட்டியது. கரண்டிக் காம்பைப் பிடித்திருந்த மாஸ்டரின் கட்டைவிரல் மாவை அழுத்திக்கொண்டே இருந்தது.

“கம்பி அடுப்பு இருக்குல்ல, கரண்டுல எரியுறது. அதைக் கொண்டுவந்து வை,” என்றார்.

“வேண்டாங்க. இன்னொரு நாள் பார்த்துக்கலாம்.”

“வைன்னு சொல்றேன்ல.”

டீச்சர் சமையலறையிலிருந்து அதைக் கொண்டுவந்து ஒரு ஸ்டூலின் மேல் வைத்துச் சொருகினார். கம்பி மெதுவாகச் சிவந்தது. சூடு வந்து முகத்தில் படவும் மாஸ்டர் பின்னால் நகர்ந்தார். முதுகு சுவரில் இடித்தது. நெற்றியில் வேர்த்தது.

“எனக்கு வந்துருச்சு,” என்றாள் டக்கு. “நேர் எதுக்க இருக்கு. உங்களுக்கு?”

“எனக்கும்.”

“அப்ப நடங்க.”

அவர் நடந்தார். முதலில் டக்குவின் முதுகுப்பக்கம், அடுப்பிலிருந்து எட்டத்தில். ரவை இருக்கும் பாதியைச் சூடு வரும் திசைக்குத் திருப்பிக்கொண்டு, அவள் தலைக்கு மேலாக உருண்டையை நீட்டினார். அவள் திரும்பி எட்டித் தொட்டாள். “முழுசும் ரவை.”

“பௌர்ணமி,” என்றார் டீச்சர்.

பக்கவாட்டுக்கு வந்து நின்றார். “பாதி ரவை, பாதி வழவழ.” இன்னும் கொஞ்சம் நகர்ந்தார். “ஓரத்துல மட்டும் இருக்கு. நகம் மாதிரி.” “அதான் பிறை.” அடுத்த அடி அவளுக்கும் அடுப்புக்கும் நடுவில். மாஸ்டர் நின்றுவிட்டார். டீச்சர் ஒரு கை நீட்டி, பிறகு அதை மடக்கிக்கொண்டார்.

“ஏன் நின்னுட்டீங்க?” என்றாள் டக்கு.

“ஒண்ணுமில்ல.” பக்கவாட்டாக நகர்ந்து, சூட்டுக்கு முதுகைக் கொடுத்து நின்றார். பிடரியில் சூடு ஏறியது. டக்கு ஆடும் உருண்டையைப் பிடித்து நிறுத்தித் தடவினாள்.

“ரவையே இல்ல. நிலா போச்சு.” மறுபக்கமாகக் கையை விட்டுத் துழாவினாள். “இல்ல, இருக்கு. எல்லாம் அந்தப் பக்கம் இருக்கு. எனக்கு முதுகைக் காட்டுது.”

“அதுதான் அமாவாசை,” என்றார் டீச்சர். “இன்னைக்கு ராத்திரி மேகம் விலகினாலும் நிலா தெரியாது. இன்னைக்கு அமாவாசை.”

“உங்க யாருக்குமே தெரியாதா?”

“தெரியாது.”

“ஹெட்மாஸ்டருக்குக்கூட?”

“அவருக்கும்தான்.”

“நல்லா வேணும்,” என்றாள் டக்கு நிறைவாக.

மாஸ்டர் சிரித்துவிட்டார். வயிறு குலுங்கும் பழைய சிரிப்பு. டீச்சர் சொருகியைப் பிடுங்கிவிட்டு, அடுப்பை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய், அங்கே நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

டக்குவுக்கு ரொட்டியும் பாலும் எடுத்துவைக்கும்போது கூடத்தில் அவர்கள் பேசுவது கேட்டது.

“உங்களுக்குக் கண்ணு எப்ப போச்சு?”

“போகலைம்மா. அடிபட்டிருக்கு. இன்னொரு ஆபரேஷன் இருக்கு, அப்புறம் வந்துரும்.”

“எந்த டாக்டர்? கரகரன்னு பேசுவாரே, அவரா?”

“அவரேதான்.”

“அவர் நல்லவரு. எங்கம்மா வெளிய போய்ப் பேசலாம்னு சொன்னாங்க. அவர் வேண்டாம், இவ எதுக்கயே சொல்றேன்னுட்டாரு. வராதும்மான்னு என்கிட்டயே சொல்லிட்டாரு. உங்ககிட்ட என்ன சொன்னாரு?”

“டீச்சர்கிட்டச் சொன்னாரு.”

“உங்ககிட்டச் சொல்லலையா?”

“இல்ல.”

“உங்க கண்ணுதானே?”

டீச்சர் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். மாஸ்டரின் முகம் அவர் வரும் பக்கமே திரும்பியிருந்தது.

டக்குவின் அம்மா வந்து கூட்டிப்போனபின், மாஸ்டர் தாம்பாளத்தில் மிஞ்சியிருந்த மாவைச் சுரண்டி எடுத்து உருட்டிக்கொண்டிருந்தார். பொழுது சாயத் தொடங்கியிருந்தது. கீழே சைக்கிள் கடைக்காரர் டயரைத் தட்டும் சத்தம் கேட்டது.

“டாக்டர் என்ன சொன்னாரு?”

டீச்சர் அவர் எதிரில் உட்கார்ந்தார். எத்தனையோ தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியம் இருந்தது. அது வரவில்லை.

“வராதுன்னு சொன்னாரு.”

“எப்ப?”

“ரெண்டாவது ஆபரேஷன் அன்னைக்கே.”

“அன்னைக்கே.” மாவு உருண்டையைத் தாம்பாளத்தில் வைத்தார். “அப்ப அந்தச் சொட்டு மருந்து?”

“கண்ணு காயாம இருக்க. எரிச்சல் வராம இருக்க.”

“தினம் இன்னொரு சொட்டு விடு, இன்னொரு சொட்டு விடுன்னு கெஞ்சினேனே. விட்டியே. என்ன நினைச்சுக்கிட்டு விட்டே?”

“எதுவும் நினைக்கல. கை நடுங்காம விடணும்னு மட்டும் நினைச்சேன்.”

“ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் பார்க்காததைப் பார்த்தேன்னு சொல்லாதேன்னு பாடம் எடுத்தேன்னு வந்து சொன்னியே. வீட்டுல நான் உன் வகுப்புல இல்லையோ?”

“நீங்க மாடி இருக்குன்னு சொன்னீங்க.”

“சொன்னேன்.”

“வேற என்ன செய்யச் சொல்றீங்க என்னை? நீங்க போயிட்டா நான் யார்கிட்ட உண்மை பேசறது?”

அதன்பிறகு டீச்சர் அழுதார். மாஸ்டர் தேற்றவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஞாயிறு முழுக்க அவர் பேசவில்லை. வைத்த தட்டு வைத்தபடி இருந்தது. சொட்டு மருந்துக்கு முகத்தை நிமிர்த்தவும் இல்லை. திங்கட்கிழமை காலை டீச்சர் பள்ளிக்குக் கிளம்பி, படிவரை போய், திரும்பி வந்தார். கைப்பையிலிருந்து சாக்பீஸ் டப்பாவை எடுத்து, மாடிக் கதவின் சாவியை அவர் கையில் வைத்தார்.

“மாடிச் சாவி. இத்தனை நாள் ஒளிச்சு வச்சிருந்தேன். இனிமே உங்ககிட்ட எதையும் ஒளிக்கமாட்டேன்.” டப்பாவை மூடிப் பைக்குள் போட்டார். “பயமாத்தான் இருக்கு. ஆனா குடுத்துட்டுப் போறேன்.”

மாஸ்டர் சாவியை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார்.

அன்றைக்கு வகுப்பில் பெருக்கல் கணக்கு. கரும்பலகையில் ஒரு கணக்கைக்கூட டீச்சர் சரியாக எழுதவில்லை என்று பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். மதிய மணி அடித்ததும், பக்கத்து வகுப்பு டீச்சரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஓடிவந்தார். மழை நின்று, சுள்ளென்று வெயில் அடித்தது. இரும்புப் படியில் ஏறும்போதே தெரிந்தது, மேலே மாடிக் கதவு திறந்திருந்தது.

மீதிப் படிகளை எப்படி ஏறினார் என்று அவருக்குத் தெரியாது. மாஸ்டர் மாடியின் நடுவில், ஈரத் தரையில், இரண்டு கையையும் ஊன்றி உட்கார்ந்திருந்தார்.

“டீச்சரா?”

“நான்தான்.”

“பயந்தியா?”

“பயந்தேன்.”

“நானும் பயந்துட்டேன்.” நாக்கால் உதட்டை நனைத்துக்கொண்டார். “ஏறி வரும்போது வேற நினைப்புதான். உன்கிட்ட மறைக்க மாட்டேன், இப்ப நீயும் எதையும் மறைக்கலையே. மேல வந்து நாலு எட்டு வச்சதும் சுவர் எங்க இருக்குன்னு தெரியலை. விழணும்னு வந்தவன் விழுந்துருவோம்னு பயந்து உட்கார்ந்துட்டேன். ரொம்ப நேரமா இங்கயேதான் இருக்கேன். கீழ போக வழி தெரியலை.”

டீச்சர் அவர் பக்கத்தில் ஈரத்திலேயே உட்கார்ந்தார். தோள் தோளில் பட்டது. இருவரும் வெயில் காய்ந்தார்கள்.

“பசிக்குது,” என்றார் மாஸ்டர் கடைசியில்.

அன்று சாயங்காலம் அவரே முகத்தை நிமிர்த்தினார். “எரிச்சல் வராம இருக்கத்தானே?” “ஆமா.” “ஒரு சொட்டு போதும்ல?” “போதும்.” டீச்சர் ஒரு சொட்டு விட்டார். ஆனால் அந்த வாரம் வீடு ஒன்றும் சந்தோஷமாக ஆகிவிடவில்லை. ஒருநாள் அவர் தண்ணீர்க் குடத்தை எட்டி உதைத்தார். இன்னொரு நாள் சாப்பிடும்போது சத்தமில்லாமல் அழுதார். அழுதால் கண் எரியும் என்று சொன்னதும், “இதுக்காவது உபயோகப்படட்டும்,” என்றார்.

வெள்ளிக்கிழமை பள்ளியில் தாள்களை மறுபடி வாங்கிப் பார்த்தபோது பாதிக்குமேல் காலிக் கட்டங்கள் இருந்தன. மழை விட்ட நாட்களில் மட்டும் பிறை, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் தடித்து. டக்குவின் தாளில் கட்டங்களில் பசை தடவி ரவை ஒட்டியிருந்தது. ஒரு கட்டத்துக்கு ஓரமாய்க் கொஞ்சம், அடுத்த கட்டத்துக்கு இன்னும் கொஞ்சம். “அம்மாகிட்ட நிலாவைப் பார்த்துச் சொல்லச் சொன்னேன், டீச்சர். அம்மா பார்க்காத நாளைக்குக் காலி,” என்றாள்.

சனிக்கிழமை அவளை வர வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று டீச்சர் கேட்டார். “வரட்டும்,” என்றார் மாஸ்டர்.

அவள் வந்து முக்காலியில் உட்கார்ந்ததுமே அவர் சொன்னார்: “எனக்கும் வராதாம்.”

“சரி,” என்றாள் டக்கு. கொஞ்சம் யோசித்தாள். “கம்பு வாங்கிட்டீங்களா?”

“இல்ல.”

“இத்தனை நாளாவா? அப்புறம் எப்படி வெளிய போவீங்க?”

“போறதில்ல.”

“என்னுது உங்களுக்குக் குட்டை. நெஞ்சு வரைக்கும் இருக்கணும். இப்போதைக்கு இதை வச்சுப் பழகலாம், கொஞ்சம் குனிஞ்சுக்குங்க.” கம்பை அவர் கையில் திணித்தாள். “இறுக்கிப் பிடிக்காதீங்க. கரண்டி பிடிக்கிற மாதிரி லேசா. இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டு. வலது கால் வைக்கும்போது இடது பக்கம் தட்டணும்.”

“ஏன்?”

“அடுத்த கால் அங்கதானே போகும்? போற இடத்துல பள்ளம் இருக்கான்னு முன்னாலயே கேட்டுக்கணும்.”

கூடத்திலேயே சுவருக்குச் சுவர் நடந்தார்கள். மேஜைக் காலில் இடித்து, வாளியைக் கவிழ்த்து, ஒருமுறை டீச்சரின் கால் கட்டைவிரலையும் பதம் பார்த்தார் மாஸ்டர். வெயில் தாழ்ந்ததும், “படி இறங்கலாமா?” என்றாள் டக்கு. டீச்சர் எழுந்து மாஸ்டர் பக்கம் வந்தார். “நான் பிடிச்சுக்கிறேன்,” என்றார். “நீங்க பின்னால வாங்க, டீச்சர். பிடிச்சா அவருக்கு எப்படித் தெரியும்?”

முன்னால் டக்கு, கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு படிப்படியாகச் சொல்லிக்கொண்டே இறங்கினாள். பின்னால் அவள் கம்போடு மாஸ்டர். அவருக்குப் பின்னால், சட்டைக் காலருக்கு ஒரு சாண் தள்ளித் தொடாமல் நீட்டிய கையோடு டீச்சர். சைக்கிள் கடைக்காரர் எழுந்து நின்றார். ஏதோ சொல்ல வந்தவர், வாசலில் கிடந்த பம்ப்பை மட்டும் ஓரமாக எடுத்து வைத்தார்.

கீழே வந்ததும் டக்கு டீச்சரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். தெருவில் கொஞ்ச தூரம் நடந்ததும் மாஸ்டர் நின்று மூச்சு வாங்கினார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மேற்கு வெயில் ஒரு பக்கக் கன்னத்தில் விழுந்தது.

“நிலா வந்திருக்கா?” என்று கேட்டார்.

டீச்சர் அண்ணாந்து பார்த்தார். வெளுத்த வானத்தில் வெளுப்பாக இருந்தது. “வந்திருக்கு. பாதி.”

“சொல்லாதே. நான் காட்டுறேன்.” வெயில் படும் கன்னத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டு, யோசித்து, கையை நீட்டினார். விரல் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைக் காட்டியது.

“சரியா, டீச்சர்?” என்றாள் டக்கு.

ஆமாம் என்ற வார்த்தை டீச்சரின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மாஸ்டரின் முகம் அவ்வளவு ஆசையாக இருந்தது.

“இல்லை,” என்றார். “அது தண்ணித் தொட்டி. இன்னும் மேல.”

கை உயர்ந்தது. “இங்கயா?”

“இன்னும்.”

“இவ்வளவு மேலயா இருக்கும்?”

“கொஞ்சம் இடது பக்கம். ஆங். இப்ப சரி.”

மாஸ்டர் கையை இறக்காமல் அப்படியே நின்றார். கடை வாசலில் நின்ற சைக்கிள்காரர், அவர் காட்டும் இடத்தில் என்னதான் இருக்கிறது என்று நெற்றியில் கையை வைத்து அண்ணாந்து பார்த்தார்.